பாதியில் நின்ற ஆட்டம்

இருவர் ஓர் ஆட்டம் ஆடுகின்றனர். இருவரும் திறமையில் நிகரானவர்கள். ஒத்த தொகையைப் பந்தயமாக நடுவில் வைத்துள்ளனர். குறித்த எண்ணிக்கையுள்ள வெற்றிகளை எவன் முதலில் அடைகின்றானோ அவனுக்கே பணம் முழுவதும் உரியது என்பது ஒப்பந்தம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் மழை வருகிறது. அல்லது அரண்மனையிலிருந்து அவசர ஆள் வருகிறது. ஆட்டம் நின்றுவிடுகிறது. ஒருவன் முந்தியிருக்கிறான், மற்றவன் பிந்தியிருக்கிறான், ஆனால் எவனும் இன்னும் வெல்லவில்லை. நடுவில் கிடக்கும் பணத்தை எவ்வாறு பிரிப்பது?

கேட்பதற்கு எளிய வினா. ஊர்ப் பஞ்சாயத்தில் அமர்ந்த பெரியவர் ஒருவர் இரண்டு நாழிகையில் தீர்த்துவைத்துவிடுவார் என்றே தோன்றும். ஆயினும், 1494-ஆம் ஆண்டில் அச்சேறிய ஒரு நூலில் இடம்பெற்ற இவ்வினாவுக்கு, 1654-ஆம் ஆண்டு வரை, அதாவது 160 ஆண்டுகள் வரை, அறிஞர் அனைவரும் ஒப்பும் விடை கிடைக்கவில்லை. கிடைத்தபொழுதோ, விடையுடன் ஒரு புதிய கணிதத் துறையும் சேர்ந்தே பிறந்தது. நிகழ்தகவு என்று நம் பாடநூல்கள் வழங்கும் துறை அதுவே.

சூதாட்டக் கணக்கை மாணவர்களுக்குச் சொல்லலாமா என்று நேயர்களுள் எவரேனும் ஐயுறலாம். சூதைக் கடிவதற்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழி நம் மொழி. நாம் ஆடப்போவதில்லை, ஆடியவர்களின் பணத்தை எவருக்கும் அநீதி நேராமல் பங்கிடுவது எப்படி என்பதையே பார்க்கப்போகிறோம்.

லூக்கா பச்சோலி இத்தாலி நாட்டவர். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1494-இல் வெனிஸ் நகரில் வெளிவந்த அவருடைய பெருநூல், எண்கணிதம், இயற்கணிதம் முதலியவற்றுடன் வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையையும் விளக்கியது. அந்நூலில் ஒரு பந்தாட்டக் கணக்கு வருகிறது. ஒவ்வொரு முறை வெல்வதற்கும் 10 புள்ளிகள். முதலில் 60 புள்ளிகள் எடுப்போருக்கு வெற்றி. ஒரு கட்சி 50 புள்ளிகளும் மற்றது 20 புள்ளிகளும் எடுத்திருக்கையில் ஆட்டம் தடைப்படுகிறது. பச்சோலி தரும் தீர்ப்பு: எடுத்த புள்ளிகளின் விகிதத்திலேயே, அதாவது 5-க்கு 2 என்ற முறையில், பணத்தைப் பிரித்துக்கொள்க.

இது வணிகனின் கண்கொண்டு பார்த்த தீர்ப்பு. கூட்டு வாணிகத்தில் ஐந்து பங்கு முதல் போட்டவனுக்கு ஐந்து பங்கு இலாபமும், இரண்டு பங்கு போட்டவனுக்கு இரண்டு பங்கும் தருவதில் குறை காண இயலாது. ஈட்டிய புள்ளிகளைப் போட்ட முதலாகக் கருதிவிட்டார் பச்சோலி.

இதிலுள்ள குறையை 1556-இல் வெளிவந்த தம் நூலில் தர்த்தாலியா என்ற மற்றோர் இத்தாலியர் எடுத்துக்காட்டினார். அறுபது புள்ளி ஆட்டத்தில் ஒருவன் 10 புள்ளி எடுத்தவுடன் ஆட்டம் நின்றது என்று கொள்வோம்; மற்றவனுக்குப் புள்ளி ஒன்றும் இல்லை. பச்சோலியின் விதிப்படி 10-க்கு 0 என்று பிரிக்கவேண்டும். ஆறு வெற்றிகள் வேண்டிய ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி பெற்றவன் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போவான்! இதை எந்த நீதிமன்றம் ஏற்கும்? தர்த்தாலியா தாமும் ஒரு விதி சொன்னார். ஆனால் அவருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. இது கணக்கனால் தீர்வதை விட நீதிபதியால் தீரவேண்டிய வழக்கு, எப்படித் தீர்த்தாலும் சண்டைக்கு இடம் உண்டு என்னும் பொருள்பட எழுதி முடித்துவிட்டார்.

இதற்கு முன்பே, 1539-இல், கர்தானோ என்ற மருத்துவரும் கணித அறிஞருமான ஒருவர் சரியான திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருந்தார். வென்ற ஆட்டங்களைப் பார்க்கலாகாது, இன்னும் வெல்லவேண்டிய ஆட்டங்களையே பார்க்கவேண்டும் என்றார் அவர். என்ன அருமையான சொல்! பந்தாட்டக் கணக்கில் ஒரு கட்சிக்கு இன்னும் ஒரு வெற்றி தேவை. மற்றதற்கு நான்கு வெற்றிகள் தேவை. முடிவு இவ்விரண்டு எண்களைப் பொறுத்ததேயன்றிப் பழைய புள்ளிகளைப் பொறுத்ததன்று. ஆனால் இவ்விரண்டு எண்களைக் கொண்டு பங்கை எப்படிக் கணக்கிடுவது என்ற இடத்தில் அவர் வழுக்கினார். ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண்களைக் கூட்டி 10 என்றும், மறுபுறம் 1 என்றும் கொண்டு, 10-க்கு 1 என்ற விகிதம் கண்டார். வாயில் வரை வந்தவர் உள்ளே நுழையவில்லை.

உள்ளே நுழைவதற்கு ஒரு திறவுகோல் வேண்டியிருந்தது. நிகழக் கூடியவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணவேண்டும். எண்ணும்பொழுது சமமான எடையுடையவற்றையே எண்ணவேண்டும். இதன் அருமையைக் கலீலியோ எழுதிய ஒரு சிறு கட்டுரையால் அறியலாம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமக்குக் கட்டளையிட்ட ஒருவரின் ஐயத்தைப் போக்க அவர் அதை எழுதினார். ஐயம் இதுதான்: மூன்று பகடைக்காய்களை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கு ஆறு சேர்க்கைகள் உள்ளன, 10 வருவதற்கும் ஆறு சேர்க்கைகளே உள்ளன. இருந்தும் நெடுநாள் ஆடியவர்கள் 9-ஐ விட 10 சற்று மிகுதியாக விழுவதாகக் கூறுகின்றனர். ஏன்?

சேர்க்கைகளை எழுதிப் பார்ப்போம். 9-க்கு: 1 2 6, 1 3 5, 1 4 4, 2 2 5, 2 3 4, 3 3 3. 10-க்கு: 1 3 6, 1 4 5, 2 2 6, 2 3 5, 2 4 4, 3 3 4. ஆறுக்கு ஆறு. ஆனால் 1 2 6 என்ற சேர்க்கை, எந்தக் காயில் எது விழுகிறது என்பதைப் பொறுத்து ஆறு வகையாக நிகழும். 1 4 4 என்பது மூன்று வகையாகவே நிகழும். 3 3 3 என்பதற்கோ ஒரே வழிதான். இவ்வாறு விரித்து எண்ணினால் 9-க்கு 25 வழிகள். 10-க்கு 27 வழிகள். மூன்று காய்களும் விழும் வகைகள் மொத்தம் 6 × 6 × 6 = 216. இருநூற்றுப் பதினாறில் இரண்டே வழிகள் வேறுபாடு! அதையும் ஆட்டக்காரர்களின் அனுபவம் உணர்ந்திருந்தது. காரணத்தைக் கணக்கு காட்டியது. சேர்க்கை வேறு, அது நிகழும் வழி வேறு என்ற இந்தப் பாடத்தை மறவாதிருப்போம். பின்னர்ப் பெரியவர்களும் இதனருகே இடறப்போகின்றனர்.

இனி 1654-ஆம் ஆண்டின் கோடைக்கு வருவோம். பாரிஸ் நகரில் தெ மெரே என்ற பட்டம் பூண்ட ஒரு கனவான் இருந்தார். பேச்சில் வல்லவர், எழுத்தாளர், ஆட்டக் கணக்குகளில் விருப்பம் உடையவர். அவர் இளம் கணித அறிஞரான பாஸ்கலிடம் இரண்டு வினாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று நம் பங்கு வினா. மற்றொன்று பகடை வினா. ஒரு காயை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையேனும் 6 விழும் என்று பந்தயம் கட்டுவது ஆதாயம். அப்படியானால் இரண்டு காய்களைச் சேர்த்து 24 முறை உருட்டினால் ஒரு முறையேனும் இரட்டை ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவதும் ஆதாயமாகவே இருக்கவேண்டுமன்றோ? ஆறுக்கு நான்கு எப்படியோ, முப்பத்தாறுக்கு இருபத்துநான்கு அப்படியே அல்லவா? ஆனால் அது நட்டம். இதைக் கண்டு எண்கணிதமே தனக்குத்தான் முரண்படுகிறது என்று தெ மெரே வெகுண்டாராம்.

முரண் ஒன்றுமில்லை. நான்கு உருட்டலுக்கு 1,296 வழிகள்; ஆறே விழாத வழிகள் 5 × 5 × 5 × 5 = 625; எஞ்சிய 671 பந்தயம் கட்டியவனுக்குச் சாதகம். பாதிக்கு மேல். இரட்டை ஆறிலோ, 24 உருட்டலில் வெல்லும் தகவு ஏறத்தாழ 0.491, பாதிக்குச் சற்றுக் கீழ். 25 முறை உருட்டினால் பாதியைத் தாண்டிவிடும். தெ மெரே பணத்தை இழந்து இழந்தே இவ்வேறுபாட்டைக் கண்டுபிடித்தார் என்று கதை எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயிரம் பந்தயங்களில் ஐந்நூறுக்குப் பதில் 491 வெற்றி என்பதை இழந்த காசைக் கொண்டு உணர்வதற்கு எத்தனை ஆயிரம் ஆட்டங்கள் ஆடவேண்டும்! அவர் கணக்கிட்டே கண்டிருக்கவேண்டும்.

பாஸ்கலுக்கு அப்பொழுது வயது 31. பங்கு வினாவுக்குத் தாம் கண்ட முறை சரிதானா என்று ஒப்புநோக்க விரும்பி, பெர்மா என்பவருக்குக் கடிதம் எழுதினார். பெர்மா ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே துலூஸ் நகரில் வாழ்ந்தவர். தொழிலால் அவர் கணித ஆசிரியர் அல்லர். அந்நகரின் உயர் வழக்குமன்றத்தில் அமர்ந்த நீதியாளர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர இன்பம். இது நீதிபதியிடம் போகவேண்டிய வழக்கு என்று தர்த்தாலியா சொன்னது ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு பலித்தது!

பாஸ்கல் 1654 ஜூலை 29-ஆம் நாளிட்ட கடிதத்தில் தம் முறையை விளக்குகிறார். ஆடுவோரை நாம் க, ச என்று அழைப்போம். ஒவ்வொருவனும் 32 பொற்காசுகள் வைத்திருக்கிறான், நடுவில் 64. மூன்று ஆட்டங்களை முதலில் வெல்பவனுக்குப் பணம். க இரண்டு வென்றிருக்கிறான். ச ஒன்று வென்றிருக்கிறான். இப்பொழுது நிறுத்தினால் கவின் பங்கு யாது?

அடுத்த ஆட்டம் ஒன்றை மட்டும் மனத்தில் ஆடிப் பார்க்கச் சொல்கிறார் பாஸ்கல். அதில் க வென்றால் 64 காசும் அவனுக்கே. தோற்றாலோ, இருவரும் இரண்டிரண்டு வென்று சமநிலைக்கு வருவர், ஆளுக்கு 32. ஆகவே க இவ்வாறு சொல்லலாம்: ‘தோற்றாலும் 32 காசு எனக்கு உறுதி, அதை முதலில் கொடுத்துவிடு. மிஞ்சிய 32 உனக்கும் வரலாம், எனக்கும் வரலாம், வாய்ப்பு சமம், அதைப் பாதியாகப் பிரிப்போம்.’ எனவே கவுக்கு 32-உம் 16-உம் சேர்ந்து 48, சவுக்கு 16.

இப்பொழுது ஒரு படி பின்னால் செல்வோம். க இரண்டு வென்றிருக்க, ச ஒன்றும் வெல்லவில்லை என்க. அடுத்ததில் க வென்றால் 64. தோற்றால் முன்னர்க் கண்ட நிலை வரும். அதில் அவன் பங்கு 48 என்று அறிவோம். உறுதியானது 48, எஞ்சிய 16-இல் பாதி 8, ஆகவே 56. மேலும் ஒரு படி பின்னால்: க ஒன்று வென்றிருக்க, ச ஒன்றும் வெல்லவில்லை. வென்றால் 56-க்குரிய நிலை. தோற்றால் ஒன்றுக்கு ஒன்று, 32. உறுதியானது 32, வேறுபாடாகிய 24-இல் பாதி 12, ஆகவே 44. ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிப்படியாக இறங்கி வரும் முறை இது. ஒவ்வொரு படியிலும் செய்வது ஒரு பாதியாக்கல்தான். ஆயினும் 160 ஆண்டுகளாக எவருக்கும் அது தோன்றவில்லை.

பெர்மாவின் முறை வேறு. அவர் படிப்படியாக இறங்கவில்லை. எதிர்காலம் முழுவதையும் ஒரே பார்வையில் விரித்து எண்ணினார். கடைசியாகக் கண்ட நிலையையே எடுத்துக்கொள்வோம். கவுக்கு இன்னும் இரண்டு வெற்றி தேவை. சவுக்கு மூன்று தேவை. இன்னும் நான்கு ஆட்டங்கள் ஆடினால் எப்படியும் முடிவு தெரிந்துவிடும். நான்கு ஆட்டங்களிலும் யார் யார் வெல்லக்கூடும் என்று வரிசையாக எழுதினால் 2 × 2 × 2 × 2 = 16 வரிசைகள் வரும். நான்கிலும் க வெல்வது 1. மூன்றில் வெல்வது 4. இரண்டில் வெல்வது 6. ஒன்றில் வெல்வது 4. ஒன்றிலும் வெல்லாதது 1. இரண்டு அல்லது அதற்கு மேல் வென்றால் கவுக்குப் பணம். 1, 4, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 11. எஞ்சிய 5 சவுக்கு. அறுபத்துநான்கு காசில் பதினாறில் பதினொரு பங்கு எவ்வளவு? 44. பாஸ்கல் வேறு வழியில் கண்டதும் அதே 44!

இரண்டு அறிஞர்கள், இரண்டு நகரங்கள், இரண்டு வழிகள், விடை ஒன்று. உண்மை துலூஸிலும் பாரிஸிலும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு மகிழ்வதாகப் பாஸ்கல் எழுதினார். பச்சோலியின் பந்தாட்டத்தையும் இம்முறையால் தீர்த்துவிடலாம். பிந்திய கட்சி வெல்லவேண்டுமானால் தொடர்ந்து நான்கு முறையும் அதுவே வெல்லவேண்டும். 16 வரிசைகளில் ஒன்றே ஒன்று அத்தகையது. ஆகவே சரியான பங்கு 15-க்கு 1. பச்சோலி சொன்ன 5-க்கு 2 என்பதற்கும் இதற்கும் எத்தனை தொலைவு!

மேலே வந்த 1, 4, 6, 4, 1 என்ற எண்களை மாணவர்கள் அறிவர். மேல்நாட்டார் இவ்வெண்கள் அமைந்த முக்கோணத்தைப் பாஸ்கலின் பெயரால் வழங்குவர். அதைப் பற்றிய அவருடைய நூல் 1665-இல், அவர் மறைந்த பின், வெளிவந்தது. ஆனால் அம்முக்கோணம் அவருக்கு மிகவும் மூத்தது. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், மேருப் பிரஸ்தாரம் என்னும் பெயரில் அதை விளக்கியுள்ளார். நான்கு அசைகள் கொண்ட அடியில் ஒவ்வோர் அசையும் குருவாகவோ இலகுவாகவோ வரலாம் எனில் அடிவகைகள் 16. அவற்றுள் இரண்டு குரு பெற்றவை 6. பாஸ்கலும் பெர்மாவும் ஆட்டங்களை எண்ணினர், நம் யாப்பு நூலார் செய்யுளடிகளை எண்ணினர், எண்ணிக்கை ஒன்றே. பாஸ்கராசாரியர் 1150-இல் இயற்றிய லீலாவதியில் அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் சேர்த்து எத்தனை வகைக் கலவை செய்யலாம் என்ற கணக்கு உண்டு. விடை மொத்தம் 63. அவருக்கும் முன்னூறு ஆண்டுகள் முந்திய மகாவீராசாரியர், எத்தனை பொருள்களிலிருந்தும் எத்தனையையும் தெரிந்தெடுக்கும் வகைகளுக்குப் பொதுவிதியே தந்துள்ளார். அவருடைய கணித சார சங்கிரகம் நெடுங்காலம் ஏட்டில் உறங்கியது. சென்னைப் பேராசிரியர் ரங்காசாரியார் அதைப் பதிப்பித்து ஆங்கிலத்திலும் பெயர்க்க, சென்னை அரசாங்க அச்சகம் 1912-இல் வெளியிட்டது.

எண்ணும் கலை நம்மிடம் முன்னரே வளர்ந்திருந்தது என்பதற்கு இவை சான்று. இவற்றைக் கொண்டு நிகழ்தகவையும் நாமே கண்டுவிட்டோம் என்று முழங்குவது பொருந்தாது. வகைகளை எண்ணுவது ஒன்று. அவ்வெண்ணிக்கையைக் கொண்டு இன்னும் நிகழாததற்கு இன்று விலை மதிப்பது மற்றொன்று. பின்னது 1654-இல் நிகழ்ந்தது.

அது நிகழ்ந்தவுடன் எல்லோரும் ஒப்பிவிட்டனரா? இல்லை. பாரிஸ் நகரின் தேர்ந்த கணிதப் பேராசிரியரான ரொபெர்வால் ஒரு தடை எழுப்பினார். பாஸ்கல் அதை ஆகஸ்டு 24-ஆம் நாளிட்ட கடிதத்தில் பெர்மாவுக்குத் தெரிவிக்கிறார். தடை இது: கவுக்கு வேண்டியவை இரண்டு வெற்றிகள். முதல் இரண்டு ஆட்டங்களையும் அவனே வென்றுவிட்டால் அத்துடன் ஆட்டம் முடிந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஆடப்படுவதே இல்லை. ஆடாத ஆட்டங்களை எண்ணி 16 என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. வகுப்பில் ஒரு மாணவன் இதைக் கேட்டால் ஆசிரியர் மகிழவேண்டும். ரொபெர்வால் விரும்பியபடியே, முடிவு தெரிந்தவுடன் நிறுத்தி எண்ணிப் பார்ப்போமே. க வெல்லும் முடிவுகள்: கக, கசக, சகக, கசசக, சகசக, சசகக என ஆறு. ச வெல்லும் முடிவுகள்: சசச, கசசச, சகசச, சசகச என நான்கு. ஆகப் பத்து முடிவுகள். இப்படி எண்ணினால் பங்கு 6-க்கு 4 என்று வரும். அறுபத்துநான்கு காசில் கவுக்கு 38-உம் சில்லறையும். முன்னர்க் கண்டதோ 44. எது சரி?

பிழை எங்கே என்றால், இந்தப் பத்து முடிவுகளும் ஒத்த எடையுடையன அல்ல. கக என்று முடிவதற்கு இரண்டு ஆட்டங்கள் போதும். கசசக என்று முடிவதற்கு நான்கு ஆட்டங்களும் குறித்தபடியே அமையவேண்டும். முன்னது நான்கில் ஒரு முறை நிகழக்கூடியது. பின்னது பதினாறில் ஒரு முறை. நான்கு மடங்கு எளிதானதையும் அரிதானதையும் ஒன்று, ஒன்று என்று எண்ணுவது, அணாவையும் காலணாவையும் ஒரே காசாக எண்ணுவது போன்றது. எடையைச் சேர்த்து எண்ணினால், கவின் ஆறு முடிவுகளும் முறையே 4, 2, 2, 1, 1, 1, கூட்டினால் 11. சவின் நான்கும் 2, 1, 1, 1, கூட்டினால் 5. மீண்டும் அதே விடை.

பாஸ்கல் தந்த மறுமொழி இதனினும் சுருக்கமானது. முடிவு தெரிந்த பின்னும் நான்கு ஆட்டங்களையும் ஆடித் தீர்ப்பதென்று இருவரும் ஒப்பிக்கொள்ளட்டும். அதனால் எவனுக்காவது இலாபமோ நட்டமோ உண்டா? இல்லை. வென்றவன் வென்றவனே. ஆகவே நான்கையும் ஆடுவதாகக் கொண்டு எண்ணினால் பங்கு மாறாது, எண்ணுவதோ எளிதாகும்.

ரொபெர்வால் இடறிய இடத்திலேயே நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் தாலம்பேர் இடறினார் என்பது வியப்பு. அவர் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியருள் ஒருவர். இயக்கவியலில் தம் பெயரால் ஒரு தத்துவம் நிற்கப்பெற்றவர். 1754-இல் அக்களஞ்சியத்தில் பூவா தலையா பற்றிய கட்டுரை எழுதினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழுவதற்கு எவ்வளவு தகவு? முதலிலேயே தலை விழுந்தால் இரண்டாம் முறை சுண்டவேண்டியதில்லை. ஆகவே தலை, பூவும் தலையும், பூவும் பூவும் என மூன்றே நிலைகள், அவற்றுள் இரண்டு சாதகம், எனவே மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். சரியான விடை நான்கில் மூன்று. மாணவர்கள் தேர்வில் இப்பிழையைச் செய்துவிட்டு வருந்தினால், துணைக்கு எத்தகைய மேதை இருக்கிறார் என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாம். மதிப்பெண் மட்டும் கிடைக்காது.

கடித வரலாற்றின் சுவையான பகுதி இனிமேல்தான். அதே ஆகஸ்டுக் கடிதத்தில் பாஸ்கல் பெர்மாவின் முறை இருவருக்குப் பொருந்துமேயன்றி மூவருக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டார். க, ச, த என மூவர் ஆடுகின்றனர். கவுக்கு இன்னும் ஒரு வெற்றி போதும். சவுக்கும் தவுக்கும் இரண்டிரண்டு தேவை. மூன்று ஆட்டங்களில் முடிவு தெரிந்துவிடும்; வரிசைகள் 3 × 3 × 3 = 27. இவற்றை எண்ணுகையில் பாஸ்கல் ஓர் இக்கட்டில் சிக்கினார். சகச என்ற வரிசையில் கவுக்கு வேண்டிய ஒரு வெற்றியும் இருக்கிறது. சவுக்கு வேண்டிய இரண்டு வெற்றிகளும் இருக்கின்றன. இது யாருக்கு? இருவருக்கும் பாதிப் பாதி என்று கொண்டு, கவுக்கு 16, மற்ற இருவருக்கும் ஐந்தரை ஐந்தரை என்று கூட்டினார். தம்முடைய படிமுறையால் வந்த விடையோ 17, 5, 5. எனவே எண்ணும் முறைதான் தவறு என்று முடிவு கட்டினார்.

பெர்மா செப்டம்பர் 25-ஆம் நாள் அமைதியாக மறுமொழி எழுதினார். சகச என்பதில் இரண்டாம் ஆட்டத்திலேயே க வென்றுவிட்டான். அதற்குப் பின் ச எதை வென்றால் என்ன? ஆடாத ஆட்டத்தைச் சேர்த்து எண்ணுவது எண்ணும் வசதிக்காகவேயன்றி, அடைந்த வெற்றியைப் பறிப்பதற்காக அன்று. வெற்றிகளின் தொகையை மட்டும் பாராமல் வரிசையையும் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் க இடம்பெறும் 19 வரிசைகளில் சசக, ததக என்னும் இரண்டில் மட்டுமே பிறர் முந்திக்கொள்கின்றனர், கவுக்கு 17, மற்றவர்களுக்கு ஐந்து, ஐந்து. பாஸ்கல் அக்டோபர் 27-இல் முழு மனத்துடன் ஒப்புக்கொண்டு பெர்மாவைப் பாராட்டி எழுதினார். தம் முறையால் சரியான விடையைக் கையில் வைத்திருந்தும், நண்பரின் முறையைப் பயன்படுத்துகையில் அவ்வளவு பெரிய அறிவும் இடறியது. கலீலியோ காட்டிய சேர்க்கைக்கும் வழிக்கும் உள்ள வேறுபாடே இங்கும் வேறு உருவில் வந்தது.

அதன் பின்னர் ஒரு மாதம் செல்வதற்குள், நவம்பர் 23-ஆம் நாள் இரவில், பாஸ்கலுக்கு ஆழ்ந்த சமய அனுபவம் ஒன்று வாய்த்தது. அவர் உள்ளம் பெரும்பாலும் கணிதத்தை விட்டு இறைநெறியில் சென்றது. கடிதங்களும் உடனே அச்சேறவில்லை. 1655-இல் பாரிஸுக்கு வந்த ஹைகன்ஸ் என்ற ஆலந்து நாட்டு இளைஞர் இவ்வினாக்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். விடைக்குரிய முறையை அவரிடம் எவரும் சொல்லவில்லை. ஊர் திரும்பித் தாமே முறையைக் கண்டு 1657-இல் சிறு நூலாக வெளியிட்டார். இத்துறையில் அச்சில் வந்த முதல் நூல் அதுவே. அதன் பின் இக்கணக்கு ஆட்டக் களத்தைத் தாண்டி வெளியே வந்தது. ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் தொகை தருவதாகச் சொல்லி அரசு மக்களிடம் கடன் வாங்கினால், அதற்கு நியாயமான விலை என்ன என்பதை 1671-இல் ஆலந்தின் அரசியல் தலைவர் தெ விட் இம்முறையால் ஆராய்ந்தார். பிரெஸ்லௌ நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693-இல் ஹாலி அதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்; வால்மீனால் நாமறிந்த ஹாலிதான். மனிதனின் ஆயுளும் ஒருவகையில் பாதியில் நிற்கக் கூடிய ஆட்டமாகவே அவர்கள் கணக்கில் இடம்பெற்றது.

ஹைகன்ஸ் தம் நூலின் இறுதியில் ஐந்து கணக்குகளை வாசகர்களுக்கு விட்டுவைத்தார். கடைசிக் கணக்கு பாஸ்கல் பெர்மாவுக்கு விடுத்ததாகும். க, ச இருவரிடமும் பன்னிரண்டு காசுகள் உள்ளன. மூன்று பகடைக்காய்களை உருட்டுகின்றனர். 14 விழுந்தால் ச ஒரு காசைக் கவுக்குத் தரவேண்டும். 11 விழுந்தால் க ஒரு காசைச் சவுக்குத் தரவேண்டும். வேறு எது விழுந்தாலும் கொடுக்கல் வாங்கல் இல்லை. எல்லாக் காசும் எவனிடம் முதலில் சேர்கிறதோ அவன் வென்றவன். இருவருடைய வாய்ப்புகளின் விகிதம் யாது? ஹைகன்ஸ் தந்த விடை: 24,41,40,625-க்கு 2,82,42,95,36,481. விடையை மட்டும் தந்தாரே தவிர, வழியை அங்கே காட்டவில்லை. 1713-இல் வெளிவந்த யாக்கோபு பெர்னூலியின் பெருநூல், ஹைகன்ஸின் நூல் முழுவதையும் தன் முதற்பகுதியாகச் சேர்த்துக்கொண்டு உரையும் எழுதியது.

எண்களைக் கண்டு அஞ்சவேண்டாம். மூன்று காய்களில் 11 விழும் வழிகள், கலீலியோ 10-க்கு எண்ணிய அதே 27. 14 விழும் வழிகள் 15. ஆகவே ஒரு காசு கைமாறும்பொழுது அது சவிடம் செல்லும் வாய்ப்பும் கவிடம் செல்லும் வாய்ப்பும் 9-க்கு 5. மேலே கண்ட பெரிய எண்கள் 9-ஐயும் 5-ஐயும் பன்னிரு முறை தம்மால் பெருக்கி வந்தவையே. ஏன் அவ்வாறு பெருக்கவேண்டும் என்பதை அறிய விரும்பும் மாணவர்கள், பன்னிரண்டு காசுகளுக்குப் பதிலாக முதலில் ஆளுக்கு ஒரு காசு வைத்தும், பின்னர் இரண்டு காசு வைத்தும் எழுதிப் பார்க்கலாம். இரண்டாவதில் 81-க்கு 25 என்று வரவேண்டும்.